அறுந்த பெல்ட் என்ன சொல்கிறது?

வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கு நேற்றுதான் புது பெல்ட் மாட்டினீர்கள். இன்று அதுவும் அறுந்துவிட்டது. மாற்று பெல்ட் கையில் இல்லையென்றால், இடுப்பளவு பனியில் நடைதான்!

நம்மூர் ஸ்கூட்டரைப் போலவே இதிலும் விரிந்து சுருங்கும் இரு கப்பிகளுக்கிடையே ரப்பர் பெல்ட் ஓடுகிறது. கப்பியின் பிடி தளர்ந்தால் பெல்ட் வழுக்கும். உராய்வுச் சூட்டில் ரப்பர் கருகும். ஆக, பெல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. அறுந்ததை எறியாமல் உற்றுப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், கப்பிகள் நேர்கோட்டில் இல்லை. ஓரிடத்தில் மட்டும் இருபுறமும் கருகிக் குறுகியிருந்தால், வண்டி பனியில் உறைந்து நின்றபோது யாரோ எஞ்சினை முறுக்கியிருக்கிறார்கள். (பொறுமையில்லாதவர்!)

சுற்றிலும் கண்ணாடியாய்ப் பளபளக்கிறதா? நெடுநேரம் வழுக்கியிருக்கிறது. கப்பியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லையென்றால், மலையின் உயரத்தைச் சந்தேகியுங்கள். 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் வலுவிழக்கும். முன்கப்பியை இறுக்குபவை, சுழலும்போது வெளிநோக்கித் தள்ளப்படும் சிறு எடைகள். சமவெளிக்கான கனத்த எடைகளை வலுவிழந்த எஞ்சினால் வேகமாகச் சுழற்ற முடியாது. சுழல்வேகம் பாதியானால் அவற்றின் விசை கால்வாசியாகிவிடும். அதனால்தான் மலைக்குப் போகுமுன் இலகுவான எடைகளைப் பொருத்துகிறார்கள்.