ஆசிரியரின்றிப் பயிலும் ஓவியம்: யப்பானிய மங்கா மாந்தர்

கலைகளுட் சில, ஆசிரியரின் அருகிருந்து ஆண்டுக்கணக்காகப் பயின்றாலன்றிக் கைவராதன. இசையும் நடனமும் அத்தகையன என்பதை எவரும் மறுக்கார். ஓவியமும் நெடுங்காலம் அவ்வாறே கருதப்பட்டு வந்தது. யப்பான் நாட்டிலோ, ஓவியரின் இல்லத்திற் சீடனாகச் சேர்ந்தவன் குருவின் பெயரில் ஒரு பகுதியைத் தன் பெயராகவே பெறுமளவுக்குக் குருகுல மரபு வேரூன்றியிருந்தது. அத்தகைய நாட்டிலே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெரும்பாலும் தாமே பயின்ற இளைஞர்களால் ஓர் ஓவியக் கலை செழித்தோங்கி உலகெங்கும் பரவியமை வியப்புக்குரியது. 'மங்கா' எனப்படும் சித்திரக் கதைக் கலையே அது. இக்கலையில் மாந்தர் உருவங்களை வரையக் கற்பது எங்ஙனம், தானே கற்பவன் எதிர்நோக்கும் இடர்கள் யாவை, முன்னோர் அவற்றை எவ்வாறு கடந்தனர் என்பன ஈண்டு ஆராயப்படும்.

மங்கா என்னுஞ் சொல் சீன எழுத்துக்கள் இரண்டாலானது. முதலாவது மனம் போன போக்கையும், இரண்டாவது படத்தையும் குறிக்கும். கற்சுஷிக்கா ஹொக்குசாய் (1760–1849) என்னும் பேரோவியர் 1814 ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்ட சித்திரத் தொகுதிகள் 'ஹொக்குசாய் மங்கா' என வழங்கின. அவை பதினைந்து, இறுதித் தொகுதி 1878 இல், அவர் இறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின் வெளிவந்தது. இன்று மங்கா என்று நாம் சொல்லும் தொடர்கதைகள் அவற்றில் இல்லை. மல்லர், தொழிலாளர், பறவை, மீன், பேய் எனக் கண்டதும் கருதியதுமான உருவங்கள் பக்கமெங்கும் நெருங்கிக் கிடக்கும். குருவை அடுத்துப் பயில வாய்ப்பற்றவர் பார்த்து வரைவதற்கான மாதிரிப் படங்களாகவே அவை உருப்பெற்றன. இதற்கு இரண்டாண்டு முன்னரே, 1812 இல், எளிய சித்திரங்களை விரைவிற் கற்பிக்கும் நூலொன்றையும் அவர் இயற்றியிருந்தார். எருதாயினும் மனிதனாயினும், எவ்வுருவத்தையும் வட்டங்களாகவும் நேர்கோடுகளாகவும் பிரித்துக் காட்டுவது அந்நூல். கவராயமும் அடிமட்டமும் கையிலிருந்தால் உருவத்தின் அடிப்படையைக் கண்டுகொள்ளலாம் என்பது அதன் கருத்து. இன்று மங்கா பயிலத் தொடங்கும் எந்தச் சிறுவனும் முதலில் ஒரு வட்டத்தைத்தான் வரைகின்றான். வழி பழையது.

கித்தசாவா ராக்குத்தென் (1876–1955) முதலியோர் பத்திரிகைகளிற் கேலிச்சித்திரம் வரைந்து அச்சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தனர். ஆயினும் இன்றைய மங்காவின் உருவ மரபை வகுத்தவர் எவர் எனின், தெசுக்கா ஒசாமு (1928–1989) என்பதே விடையாகும். அவர் ஓவியக் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். ஓசாக்காப் பல்கலைக்கழகத்திற் பயின்றது வைத்தியம். 1961 இல் நத்தையின் உயிரணுக்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக நாரா வைத்தியப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

இத்தகைய ஒருவர் வரையக் கற்றது எங்கே? இளமையில் அவருக்குப் பூச்சிகளிடத்துப் பெருவிருப்பு இருந்தது. வண்டினங்களைப் பிடித்து, காலின் கணுவும் சிறகின் புள்ளியும் பிறழாமல் வரைந்து வைப்பது அவர் பொழுதுபோக்கு. தம் பெயரெழுத்துடன் பூச்சியைக் குறிக்கும் எழுத்தொன்றையும் சேர்த்துப் புனைபெயராக்கிக் கொண்டார். உள்ளதை உள்ளவாறு நோக்கும் பயிற்சி அவருக்கு வாய்த்தது இவ்வண்ணமே. மற்றொரு பயிற்சி இதற்கு நேர்மாறானது. தந்தையார் வீட்டில் வைத்திருந்த சிறு படங்காட்டும் கருவியில் அமெரிக்க நாட்டின் இயங்கு சித்திரங்கள் ஓடின. உருண்டைத் தலையும் பெருங்கண்ணும் கொண்ட அவ்வுருவங்கள் நீண்டும் குறுகியும் உணர்ச்சி காட்டிய விதம் சிறுவனின் உள்ளத்திற் பதிந்தது. பிற்காலத்தில் டிஸ்னியின் 'பாம்பி' என்னும் படத்தை எண்பது தடவைக்கு மேற் பார்த்ததாக அவரே கூறியுள்ளார். ஒரு படத்தை எண்பது தடவை பார்ப்பவன் கதைக்காகப் பார்ப்பதில்லை. மானின் கால் மடங்கும் கணத்தையும் கண்ணிமை தாழும் கணத்தையும் கவனிக்கவே பார்க்கின்றான். அத்திரையரங்கே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று எனலாம்.

1946 சனவரியில் சிறுவர் பத்திரிகையொன்றில் அவருடைய முதற் தொடர் வெளிவந்தது. 1947 இல் சக்காய் ஷிச்சிமாவுடன் சேர்ந்து ஆக்கிய 'புதிய புதையற்றீவு' என்னும் நூல் போரால் நலிந்த நாட்டின் சிறுவரைக் கொள்ளை கொண்டது. அதன் தொடக்கப் பக்கங்களிற் சிறுவனொருவன் மோட்டார் வண்டியைத் துறைமுகம் நோக்கி ஓட்டிச் செல்லுங் காட்சியே பலரை ஓவியராக்கியது. இதற்கிடையிற் கல்வியையும் ஓவியத்தையும் ஒருங்கே கொண்டு செல்வது அரிதாயிற்று. வைத்தியத் தொழிலா, மங்காவா என மகன் தடுமாறியபோது, அவற்றுள் மெய்யாக விரும்புவது எதுவோ அதனையே செய்க எனத் தாயார் கூறியதாக அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். ஒரு தாய் இவ்வாறு கூறியது சிறு செயலன்று.

இனி, மாந்தர் உருவம் அமையும் முறைமையை நோக்குவோம். தாம் வரைபவை மெய்யான ஓவியங்களல்ல, ஒருவகைக் குறியீடுகளே எனத் தெசுக்கா 1979 இல் ஒரு நேர்காணலில் விளக்கினார். வியப்புக்கு விரிந்த கண், சினத்துக்கு நெற்றி நரம்பு, நாணத்துக்குக் கன்னக் கோடு எனச் சில உறுப்புக்களை மாற்றிச் சேர்ப்பதால் எண்ணிறந்த முகங்கள் பிறக்கும்; எழுத்துக்களைக் கூட்டிச் சொற்களை ஆக்குவது போன்றது இது. இக்கொள்கை தானே பயில்வோனுக்குப் பெருந்துணையாகும். எழுத்தை எவரும் கற்கலாமன்றோ? ஆயின் இதிலேயே ஓர் இடரும் மறைந்துள்ளது. அது பின்னர்ப் புலப்படும்.

முதலில் வட்டம், அதன்மீது குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகள். நெடுக்குக் கோடு முகம் திரும்பிய திசையையும், குறுக்குக் கோடு கண்கள் அமையும் இடத்தையும் காட்டும். மெய்யான மனித முகத்திற் கண்கள் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் உள்ளன. மங்காவிலோ, சிறப்பாகச் சிறுவர் முகங்களில், அவை நடுவினின்றும் தாழ்ந்து நிற்கும். நெற்றி அகன்று கண் தாழ்ந்தால் எந்த முகமும் குழந்தைத் தன்மை பெறும் என்பதே காரணம். அடுத்தது அளவு. வளர்ந்த மனிதனின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. வீரம் மிக்க நாயகனுக்கு எட்டுத் தலை கொடுப்பர். நகைச்சுவை மாந்தருக்கு இரண்டு அல்லது மூன்று தலையே போதும். நமது சிற்ப நூலாரும் முகத்தின் நீளத்தையே தாலமெனக் கொண்டு, தேவருக்குத் தசதாலமும் விநாயகருக்குப் பஞ்சதாலமும் வகுத்தமை ஒப்புநோக்கத் தக்கது. உறுப்பின் அளவாற் குணத்தைக் காட்டும் உத்தி ஒரு நாட்டுக்கே உரியதன்று.

மயிரமைப்பு மற்றொரு கருவி. 1952 முதல் வெளிவந்த 'இரும்புக்கை அணு' என்னும் தொடரின் நாயகனாகிய இயந்திரச் சிறுவனின் தலையில் இரு கொம்புகள் போல மயிர் நிற்கும். அவன் எப்பக்கம் திரும்பினும் அவ்விரண்டும் நம் கண்ணுக்குத் தெரியும். மெய்யான தலையில் இது நிகழாது. ஆயினும் நிழலுருவை நோக்கிய மாத்திரத்தே இன்னாரென அறிய வேண்டும் என்னும் விதி மெய்ம்மையை வென்றுவிடுகின்றது. தன் மாந்தரையெல்லாம் வரிசையாக நிறுத்தி, உட்கோடுகளின்றிக் கரியாக நிரப்பிப் பார்த்தால், எவர் எவரென வேறுபாடு புலனாதல் வேண்டும். புலனாகாவிடின் முகத்தை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. விலையில்லாத இச்சோதனையைத் தொடக்ககாலத்தவர் பலர் செய்வதேயில்லை.

தானே பயில்வோரின் குறைகள் பெரும்பாலும் ஒரே வகையின. வலக்கையாற் கோடு இழுப்பவனுக்கு இடப்பக்கம் நோக்கும் முகம் எளிதில் வரும். ஆகவே அவன் நூறு முகம் வரைந்தாலும் நூறும் இடப்பக்கமே நோக்கும். கை வரைவது கடினம். ஆகவே மாந்தர் அனைவரும் கைகளைப் பின்னே கட்டியிருப்பர், அல்லது சட்டைப் பைக்குள் இட்டிருப்பர். பாதங்கள் சட்டத்துக்கு வெளியே ஒளிந்து கொள்ளும். நாயகன், நண்பன், பகைவன் மூவருக்கும் முகம் ஒன்றே, மயிர் மட்டும் வேறு. கண்ணாடியில் ஒரு படத்தைப் பிடித்துப் பார்த்தால் ஒரு கண் மேலேறி நிற்பது தெரியவரும். அதனைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் இல்லாதவிடத்துக் கண்ணாடியே ஆசிரியராகும். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. தெசுக்காவின் கண்ணை மட்டும் பார்த்து வரைபவன், அவர் கண்ட பூச்சியையும் மானையும் காணாதவனாகின்றான். குறியீடு குறிப்பது எதனை என்பதை மறந்து குறியீட்டை மட்டும் பிரதி செய்தால், சொற்பொருள் அறியாது சுலோகம் ஒப்புவிக்கும் சிறுவனின் நிலைதான். மேலே குறித்த இடர் இதுவே. பிரதி செய்தல் இழிவன்று. ஹொக்குசாயின் நூல்கள் அதற்காகவே எழுந்தவை. ஆனால் ஒரு முகத்தைப் பிரதி செய்தவன் அடுத்ததாகத் தன் இடக்கையையோ, புகைவண்டியில் உறங்கும் முதியவரையோ வரைந்து பார்த்தல் வேண்டும்.

ஆசிரியரின்றிப் பயின்றனர் என்பதால் எத்துணையுமின்றிப் பயின்றனர் எனக் கொள்ளலாகாது. ஏகலைவனுக்கும் மண்ணாலான ஒரு குருவடிவம் தேவைப்பட்டது. 1947 தொடக்கம் 1955 வரை வெளிவந்த 'மங்கா ஷோனென்' என்னுஞ் சஞ்சிகை வாசகர் அனுப்பிய சித்திரங்களுக்கு இடமளித்தது. ஊர்தோறும் தனித்திருந்து வரைந்த சிறுவர், தம்மைப் போன்ற பிறர் உளர் என்பதை அதன் பக்கங்களில் அறிந்தனர். தொயாமாப் பகுதியில் தக்காஓக்கா என்னும் ஊரில் ஒரே பள்ளியிற் பயின்ற பூஜிமோத்தோ ஹிரோஷியும் அபிக்கோ மோத்தோவும் அவ்வாறு முன்வந்தவர்களே. தெசுக்கா தோக்கியோவில் 'தொக்கிவா' என்னும் மரவீட்டில் வாடகைக்கு இருந்த அறையை 1954 இல் விட்டு நீங்கியபோது, அவ்வறையிலேயே இவ்விருவரும் குடிபுகுந்தனர். பின்னாளில் 'டோராஎமொன்' என்னும் பூனைவடிவ இயந்திரத்தைப் படைத்தவர் பூஜிமோத்தோ. அதே வீட்டிற் பின்னர் வந்து தங்கிய இஷினோமோரி ஷோத்தாரோ, 1965 இல் மங்கா ஓவியராக விழைவோர்க்கு ஒரு நூல் எழுதினார். தம் கதையொன்றையே பக்கம் பக்கமாகப் பிரித்து, இவ்விடத்து இச்சட்டத்தை ஏன் இவ்வாறு அமைத்தேன் என அதில் விளக்கிச் சென்றார். செய்முறையை ஒளிக்காது உரைத்த அந்நூலுக்கு நிகரானவை சிலவே. வீடு 1982 இல் இடிக்கப்பட்டது. 2020 இல் அதன் வடிவிலேயே ஒரு நூதனசாலை எழுந்தது.

கருவிகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் ஓடுங் கோட்டைத் தரும் தொட்டெழுதும் பேனா, கருமை, பிழை மறைக்கும் வெள்ளை, நிழலுக்கு ஒட்டும் புள்ளித்தாள் ஆகியனவே நெடுங்காலம் போதியனவாயின. இன்று பலர் கணினித் திரைமீதே வரைகின்றனர். கை நடுங்கினாற் கோட்டை நேராக்கித் தரும் வசதியும் அதில் உண்டு. முகத்தில் உயிரில்லாவிடின் அதனைத் தரும் வசதி இல்லை.

1957 இல் தாற்சுமி யொஷிஹிரோ, சிறுவர்க்கன்றி வளர்ந்தோர்க்கான கடுமையான கதைகளுக்கு 'கெக்கிகா' எனப் புதுப்பெயர் இட்டார். உருண்டை முகங்கள் பழையனவாகத் தோன்றத் தொடங்கின. புகழின் உச்சியில் நின்ற தெசுக்கா, அடிப்படை வரைவிற் பயிற்சி பெறாமை தம் குறையென உணர்ந்து, தம் கோட்டையே மாற்றிக்கொள்ள முயன்றார். அறுபதுகளின் பிற்பகுதி தொடக்கம் அவருடைய மாந்தர் உடல் எடையும் முகச் சுருக்கமும் உடையோராயினர். தானே கற்றவன் மீண்டும் தானே கற்க நேர்ந்தது.

2006 இல் கியோத்தோ செய்க்காப் பல்கலைக்கழகத்தில் மங்காவுக்கெனவே ஒரு பீடம் அமைந்தது. அங்கே பேராசிரியராக இருந்து 2014 முதல் 2018 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் விளங்கிய தாக்கெமியா கெய்க்கோ, இளமையில் இஷினோமோரியின் நூலைப் படித்து ஓவியரானவர். தெசுக்கா அக்காலத்தைக் காண இருக்கவில்லை. 1986 சனவரியில் யப்பானியத் தொலைக்காட்சி அவரைப் பற்றி ஒரு படத்தை ஒளிபரப்பியது. கருவியின்றிக் கையாலேயே வட்டம் போட்டு வந்த தமக்கு இப்போது அது முன்போற் சரியாக வருவதில்லை என அவர் அதிற் கூறினார். அதன் பின்னரும் மூன்றாண்டுகள் வரைந்தார். 1989 பெப்ரவரி 9 இல் இறந்தபோது, பேத்தோவனின் வாழ்க்கையைக் கூறும் ஒரு கதை உட்பட மூன்று தொடர்கள் முற்றுப்பெறாது நின்றன.