கணினிச் செயலியைத் தேர்ந்தெடுத்தல்

செயலி அல்லது பிராசசர் என்பது கணினியில் கட்டளைகளை எடுத்து நிறைவேற்றும் சில்லு ஆகும். மேசைக் கணினிகளுக்கான செயலிகளைப் பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களே தருகின்றன. விளையாட்டுக்கும் அன்றாட வேலைக்குமாக ஒரே கணினி வாங்குவோர் பலர், செயலியின் பெயரில் உள்ள எண்ணைப் பார்த்தே முடிவு செய்துவிடுகின்றனர். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைச் செயலிகளைத் தரம் பிரிக்கும் பெயர்கள். தலைமுறை மாறினால் அந்த வரிசை பொருந்தாது. 2017இல் வந்த கோர் ஐ7-7700, 2022இல் வந்த கோர் ஐ3-12100 ஆகிய இரண்டிலும் நான்கு கோர்கள்தாம், அதாவது கணக்கிடும் கருக்கள்தாம், உள்ளன. உச்ச வேகம் முன்னதில் 4.2 கிகாஹெர்ட்சு, பின்னதில் 4.3. ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஐ3 தெளிவாக முந்துகிறது. கிகாஹெர்ட்சு என்பது நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதை மட்டுமே சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்லாது. இரண்டு சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுற்றினாலும் பெரிய சக்கரம் கூடுதல் தொலைவு செல்வதைப் போன்றது இது. பிறர் பயன்படுத்திய ஐ7-7700 கணினியை வாங்குவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு ஏற்ற செயலிகளின் பட்டியலில் இது இல்லை.

கோர்களின் எண்ணிக்கையும் தனியாக நம்பத்தக்கதன்று. 2012இல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 எட்டுக் கோர் செயலி என விற்கப்பட்டது. அக்கால விளையாட்டுகள் பலவற்றில் நான்கு கோர் கொண்ட ஐ5-3570கே அதை முந்தியது.

விளையாட்டில் செயலியின் பங்கு என்ன? நொடிக்கு 60 படங்கள் திரையில் தோன்ற, ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்குள் ஆயத்தமாக வேண்டும். 144 படங்கள் வேண்டுமெனில் 6.9 மில்லிநொடிதான். எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, எது எதன்மேல் மோதுகிறது என்பதைச் செயலி கணக்கிடுகிறது. அந்தக் காட்சியைப் புள்ளி புள்ளியாக வரைவது வரைகலை அட்டையின் வேலை. கடைகளில் இதைக் கிராபிக்ஸ் கார்டு என்பர். இருவரில் மெதுவானவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டும். 4கே திரையில் 1080பி திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் இருப்பதால் அங்குச் சுமை முழுவதும் அட்டைமேல் விழும். விலையுயர்ந்த செயலியால் பெரிய மாற்றம் தெரியாது. ஆகவே விளையாட்டே முதன்மை என்றால், ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400 போன்ற ஆறு கோர் செயலியோடு நிறுத்திக்கொண்டு மிச்சப் பணத்தை அட்டையில் போடுவது நல்லது. மிக வேகமான திரையில் போட்டி விளையாட்டு ஆடுவோருக்கு மட்டும் ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்றவை பொருந்தும். அதில் 96 எம்பி கேச் நினைவகம் இருப்பதால், செயலி தரவுக்காக ரேமுக்குப் போய்வரும் தடவைகள் குறைகின்றன.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறுவோர் பலர். ஐ5-12400 செயலிக்குள்ளேயே வரைகலைப் பகுதி உண்டு; ஐ5-12400எஃப் செயலியில் இல்லை. விலை குறைவு என்று எஃப் செயலியை வாங்கி, அட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கணினி ஓடினாலும் திரையில் எதுவும் தெரியாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600இலும் வரைகலைப் பகுதி இல்லை. 5600ஜி செயலியில் உண்டு, ஆனால் அதன் எல்3 கேச் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி.

மடிக்கணினியில் எழுத்து இன்னும் முக்கியம், பின்னால் செயலியை மாற்ற முடியாது. ஐ7-1255யு செயலியில் முழுவேகக் கோர்கள் இரண்டே. ஐ5-12450எச் செயலியில் நான்கு.

இணையம், கடிதம், கணக்கு, காணொளி ஆகியவற்றுக்கு ஐ3-12100 தாராளமாகப் போதும். இவ்வேலைகளில் கணினி தயங்கினால் காரணம் பெரும்பாலும் பழைய சுழலும் வன்தட்டு அல்லது போதாத ரேம். எஸ்எஸ்டி பொருத்தி ரேமை 16 ஜிபி ஆக்கினால், புதுச் செயலியே தேவைப்படாமலும் போகலாம்.

செயலியைத் தாங்கும் மதர்போர்டின் சாக்கெட்டும் பொருந்த வேண்டும். ரைசன் 5000 வரிசை ஏஎம்4 சாக்கெட்டுக்கு உரியது. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700க்கு உரியவை. பழைய ஏஎம்4 போர்டில் 5800எக்ஸ்3டியைப் பொருத்துவதாயின், பழைய செயலியைக் கழற்றும் முன்பே போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்.