தலைப்பிள்ளையும் தாய்ப்பாலும்

உலகில் மிக எளிய செயல் எது என்று கேட்டால், தாய் தன் பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்று நம்மிற் பலர் தயக்கமின்றி விடை கூறுவோம். குழந்தை அழும், தாய் எடுத்து அணைப்பாள், பால் சுரக்கும், பசி ஆறும். திரைப்படங்களில் நாம் கண்டது இதுவே. ஆனால், தலைப்பிரசவம் ஆன பெண்ணிடம் முதல் வாரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘இரண்டு நாள் பாலே வரவில்லை’ என்பாள். ‘வந்ததும் மஞ்சளாக இருந்தது’ என்பாள். ‘குழந்தையின் எடை குறைந்துவிட்டது, இரவெல்லாம் ஓயாமல் குடித்தும் அழுதது, எனக்கோ காம்பு புண்ணாகிவிட்டது’ என்பாள். இவற்றையெல்லாம் தன் உடலின் குறை என்று எண்ணி அவள் மனம் குன்றுகிறாள். உண்மையில் இவற்றுட் பெரும்பாலானவை இயற்கை வகுத்த ஒழுங்கின் படிகளே ஆகும். அவ்வொழுங்கு யாது என்பதைக் காண்போம்.

மாணவர் இதழில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். நம் சங்கத்தில் மணமான ஆராய்ச்சி மாணவர் உளர். ஏனையோர்க்கும் அக்காவோ, அண்ணியோ, மணமான தோழியோ இல்லாமல் இல்லை. சொந்த ஊர் இரண்டு இரவு ரயில் பயணத் தொலைவில் இருக்கும் நமக்கு, நள்ளிரவில் ஓடிச்சென்று அழைத்துவரப் பாட்டி பக்கத்துத் தெருவில் இல்லை. அந்நேரத்தில் அருகில் இருப்பவர் நம்மைப் போன்ற ஒருவரே. அவர் சொல்லும் ஒரு சொல், குழந்தையின் உணவையே முடிவு செய்துவிடக்கூடும்.

மஞ்சள் நிறப் பால்

பேறு முடிந்ததும் முதலில் வருவது சீம்பால். சற்றே கெட்டியாக, மஞ்சள் நிறமாக, மிகச் சிறிதளவே வரும். ‘கெட்ட பால்’ என்று இதைப் பிழிந்து கொட்டும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்துவந்தது; இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. இதைவிடப் பெரிய இழப்பு குழந்தைக்கு வேறு இல்லை. பின்னர் வரும் பாலைவிடச் சீம்பாலில் புரதம் மிகுதி. சர்க்கரையும் கொழுப்பும் குறைவு. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் ‘இம்யூனோகுளோபுலின் ஏ’ என்னும் புரதமும் வெள்ளணுக்களும் இதில் நிறைந்துள்ளன. குழந்தையின் குடற்சுவரில் இவை ஒரு காப்புப் பூச்சாகப் படிகின்றன. குடலில் தங்கிய கரும்பச்சை மலத்தை வெளியேற்றவும் சீம்பால் உதவுகிறது.

‘இத்துணைச் சிறிதளவு போதுமா?’ என்னும் ஐயம் எழும். போதும். முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவே. நான்காம் நாளில் அதுவே முப்பது, அறுபது மில்லிலிட்டராகப் பெருகும். குழந்தையின் தேவையும் தாயின் சுரப்பும் ஒருங்கே வளர்கின்றன.

பால் எப்போது வரும்?

கருவுற்ற காலத்திலேயே மார்பு பால் சுரக்க ஆயத்தமாகிவிடுகிறது. எனினும், நஞ்சுக்கொடியிலிருந்து பெருகும் ‘புரோஜெஸ்டிரோன்’ என்னும் ஹார்மோன் அதற்குத் தடை போட்டு வைக்கிறது. பிள்ளை பிறந்து நஞ்சும் வெளியேறிய பின்னரே அத்தடை நீங்கத் தொடங்கும். அதன் பிறகு பால் பெருக்கெடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். சிலருக்கு நான்கு நாளும் ஆகலாம். தலைப்பிள்ளையாயின் சற்றுத் தாமதம் இயல்பு. அறுவைச் சிகிச்சை, நீரிழிவு, மிகுந்த குருதியிழப்பு ஆகியவையும் தாமதத்திற்குக் காரணமாகலாம்.

இந்த இடைவெளியில் குழந்தையின் எடை சிறிது குறையும். மூன்று கிலோ எடையுள்ள குழந்தை இருநூறு கிராம் வரை குறைவது வழக்கமானதே. பத்துப் பதினான்கு நாட்களுக்குள் பிறந்தபோது இருந்த எடையை மீண்டும் எட்டிவிடும். இதை முன்கூட்டியே அறியாத தாய்க்குத் தராசு முள் ஒரு குற்றப் பத்திரிகையாகத் தோன்றுகிறது.

குடிக்கக் குடிக்க ஊறும்

குழந்தை வாய் வைத்து உறிஞ்சும்போது அச்செய்தி நரம்பு வழியாகத் தாயின் மூளைக்குச் செல்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை விடுக்கிறது. ‘புரோலாக்டின்’ பாலை உண்டாக்குகிறது. ‘ஆக்சிடோசின்’ பால் நுண்ணறைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன இந்த ஆக்சிடோசினை வின்சென்ட் டு விக்னோ என்னும் அமெரிக்க அறிஞர் 1953-இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். 1955-இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். உயிர்வேதியியல் பயிலும் எமக்கு வகுப்பில் அது ஒரு கட்டமைப்புச் சூத்திரம். தாய்க்கோ, குழந்தையின் அழுகுரல் காதில் விழுந்ததுமே புடவை நனைந்துபோகும் வியப்பு.

பால் வெளியேறாமல் மார்பிலேயே தேங்கினால், சுரப்பைக் குறைக்கும் ஏற்பாடும் மார்புக்குள்ளேயே இருக்கிறது. ‘இறைக்கிற கிணறு ஊறும்’ என்று நம் மக்கள் சொல்வது இங்கும் பொருந்தும். ‘நேரம் விட்டுக் கொடுத்தால் பால் சேரும்’ என்ற எண்ணம் இவ்வியற்கைக்கு நேர்மாறானது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குழந்தை குடிக்க வேண்டும். புரோலாக்டின் இரவில் மிகுதியாகச் சுரப்பதால், இரவில் கொடுப்பது மிக இன்றியமையாதது.

இரண்டாம் நாள் இரவில் பல குழந்தைகள் அரைமணிக்கு ஒருமுறை பால் கேட்டு அழும். வீட்டார் உடனே, ‘பால் போதவில்லை’ என்று தீர்ப்புக் கூறிப் புட்டியை எடுப்பர். குழந்தை வயிறு நிறைந்து நெடுநேரம் உறங்கும். அனைவரும் மகிழ்வர். ஆனால் அவ்வேளை மார்பு இறைக்கப்படவில்லை. ஆதலால் சுரப்பு குறைகிறது. மறுநாள் உண்மையிலேயே பால் போதாமற் போகிறது. மேலும் ஒரு புட்டி வருகிறது. இல்லாத குறை ஒன்று இவ்வாறு உண்டாக்கப்படுகிறது.

என் அக்காவுக்கு இந்நகரிலேதான் அறுவைச் சிகிச்சையில் தலைப்பிள்ளை பிறந்தது. இரண்டாம் நாள் மாலை வரை துளித்துளியாகவே பால் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதாட்டி இந்தியில், ‘ஜன்ம குட்டி கொடு’ என்றார். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அத்தையோ, “பிள்ளை பசியிலே கத்துது, சேனையாவது தொட்டு வைடி” என்றார். இரு நாட்டு முதியவரும் ஒன்றையே சொன்னார்கள். இருவர் சொன்னதும் அன்பினால்தான். ஆனால் தேன், சர்க்கரைத் தண்ணீர், குட்டி எவையும் பச்சிளங் குழந்தைக்கு ஆகா. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடலில் கொடிய நஞ்சை உண்டாக்கவல்லவை. பணியில் இருந்த செவிலியர் குழந்தையின் மேலாடையைக் களைந்து, தாயின் வெற்று மார்பின் மேல் கிடத்தினார். கேட்டபோதெல்லாம் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் இரவு பால் பெருக்கெடுத்தது.

வலியும் பால் கட்டும்

பால் வந்தவுடன் துன்பம் தீர்ந்துவிடும் என்று எண்ணியிருந்த அக்காவுக்கு அடுத்த வியப்பு காத்திருந்தது. மார்பு கல்லைப் போல் இறுகிவிட்டது. குழந்தையால் கவ்வவே முடியவில்லை. இதைத்தான் ‘பால் கட்டிக்கொண்டது’ என்பர். கையால் சிறிது பாலைப் பீச்சி, கருவளையத்தை இளகச் செய்த பின் குழந்தையை விட்டால் கவ்விக்கொள்ளும். கொடுப்பதை நிறுத்துவது கட்டை மேலும் மிகுவிக்கும்.

காம்பில் புண் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதே. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். முகவாய் மார்பைத் தொட வேண்டும். பிடி தவறினால் சிறுவிரலை வாயின் ஓரத்தில் மெல்ல நுழைத்து விடுவித்து, மீண்டும் பிடிக்க விடலாம். பால் கொடுக்கும்போது அடிவயிறு பிடித்து இழுப்பதும் பலரை அச்சுறுத்தும். பாலைத் தள்ளும் அதே ஆக்சிடோசின் கருப்பையையும் சுருக்கி, குருதிப்போக்கைக் குறைக்கிறது. அதனால் வரும் வலியே இது.

மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வரும் தாய்மாரும் பலர். இதுவும் பொதுவாக இரண்டு வாரத்துள் தணியும். அதற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கூற வேண்டும்.

எப்போது அஞ்ச வேண்டும்?

எல்லாம் இயல்பே என்று வாளா இருப்பதும் தவறு. பிறந்த எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைதல், ஐந்தாம் நாளுக்குப் பின்னும் நாளுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தல், குடிக்க எழாமல் சோர்ந்து உறங்குதல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் படர்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாய்க்குக் காய்ச்சலும் மார்பில் சிவந்த கட்டியும் கண்டாலும் அவ்வாறே. சில தாய்மார்க்கு உண்மையிலேயே பால் குறைவாகச் சுரப்பதும் உண்டு. அந்நிலையில் மருத்துவர் சொல்லும் மாற்றுப்பால் உயிர் காக்கும். அதில் தாய்க்கு இழுக்கு ஒன்றும் இல்லை. பிற தாய்மார் கொடையளித்த பாலைச் சேமித்து வழங்கும் பால் வங்கி ஆசியாவிலேயே முதன்முதலாக 1989-இல் பம்பாய் சயான் மருத்துவமனையில் தோன்றியது.

நாம் செய்யக்கூடியது

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 88.6 விழுக்காடு பேறுகள் மருத்துவமனை முதலிய நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காடே. மருத்துவமனை வாயில் வரை தாயைக் கொண்டு சேர்த்துவிட்டோம். அதற்கடுத்த ஒரு மணி நேரத்தை இன்னும் வென்றோமில்லை. பால்மாவு, புட்டி ஆகியவற்றை விளம்பரம் செய்வதும் இலவசமாகத் தாய்மார்க்கு வழங்குவதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003-இல் அதற்குச் செய்த திருத்தத்தாலும் தடுக்கப்பட்டுள்ளன. ஆனால் வீட்டார் வாயிலிருந்து வரும் ‘பால் போதுமா?’ என்ற கேள்வியை எந்தச் சட்டமும் தடுக்க இயலாது.

அதைத் தடுக்கவேண்டியவர் நாமே. நண்பர்களே! உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், ஒரு மணி நேரத்துள் பால் கொடுக்க ஏற்பாடு உண்டா என்று மருத்துவமனையில் முன்னதாகவே கேளுங்கள். தாய்க்கு வேளைக்கு உணவும் குடிக்க நீரும் கொண்டு கொடுங்கள். துணிகளைத் துவையுங்கள். நள்ளிரவில் குழந்தையை எடுத்து அவள் கையில் தந்து, குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். நனைந்த துணிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் அதை அவளுக்குச் சொல்லுங்கள். தன் உடல் செவ்வனே பணி செய்கிறது என்ற அந்தச் செய்தியைவிடச் சிறந்த மருந்து அவளுக்கு அப்போது வேறில்லை.