உறைந்துபோன பொவண்டோவைக் காப்பாற்றுவது எப்படி?

காளிமார்க் 1916-ல் பழனியப்ப நாடார் விருதுநகரில் ஆரம்பித்த கம்பெனி. அதனால் எங்க பக்கம் பொவண்டோ வெறும் கலர் இல்லை, கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி. சித்திரை வெயிலில் அதைச் சீக்கிரம் ஜில்லாக்க, ஐஸ்கிரீம் வைக்கிற டீப் ஃப்ரீசரில் பாட்டிலைப் போட்டுவிட்டு மறந்துபோவது சாத்தூர், சிவகாசி கடைகளில் சகஜம். திரும்பிப் பார்த்தால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும்.

தூக்கிப்போட வேண்டியதில்லை. மூடி இறுக்கமாக இருக்கும்வரை பாட்டிலில் இருந்து எதுவும் வெளியே போகவில்லை; தண்ணீர், சர்க்கரை, கேஸ் மூன்றும் பிரிந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

100 மில்லிக்கு 10 கிராம் அளவு சர்க்கரை போட்ட சோடா மைனஸ் 1 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும். ஃப்ரீசரோ மைனஸ் 18-ல் இருக்கிறது. உறைவது முதலில் தண்ணீர் மட்டும்தான். பனிக்கட்டிக்குள் சர்க்கரைக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இடமில்லை. இரண்டையும் மிச்சமுள்ள திரவத்துக்குள் தள்ளிவிடும். கூடவே தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். மேலே கேஸ் இருக்கிற காலி இடம் சுருங்கும், அழுத்தம் எகிறும். பிளாஸ்டிக் பாட்டில் உப்பித் தாங்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. பட்டாசு ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வெடிக்கும்.

அதனால் கண்ணாடி பாட்டில் என்றால் முதலில் தள்ளி நின்று பாருங்கள். கீறல் தெரிந்தாலோ மூடி தூக்கியிருந்தாலோ ஆசையை விட்டுவிடுங்கள். நன்றாக இருந்தால் சாக்கில் சுற்றி, பக்கெட்டுக்குள் நிமிர்த்தி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். வெந்நீர் ஊற்றவே கூடாது.

ஏன் வெளியில் வைக்காமல் ஃப்ரிட்ஜில்? 4 டிகிரியில் தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடு, நம்ம ஊர் 30 டிகிரியில் கரைவதைப்போல இரண்டு மடங்கு. பிரிந்துபோன கேஸ் திரும்பக் கரைய குளிர்ச்சியும் நேரமும் வேண்டும். பாதி உருகினதும் திறந்தால் பனித்துகள்கள் குமிழிகளைக் கிளப்பிவிட்டு பாதி பாட்டில் சட்டையில்தான் இருக்கும். முழுசாக உருகிய பிறகும் மேலே தண்ணியாகவும் அடியில் பாகாகவும் நிற்கும். பிளாஸ்டிக் பாட்டிலை மூன்று நாலு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, இன்னொரு ராத்திரி குளிரில் வைத்தால் பழைய சுருக்கு பெரும்பாலும் திரும்பிவிடும்.

பெங்களூர் பப்களில் இருக்கிற பீர் கெக்கிலும் இதே கணக்குதான். குளிர் அறையின் தெர்மோஸ்டாட் மக்கர் பண்ணினால் 50 லிட்டர் ஸ்டீல் பீப்பாய் அப்படியே உறையும். 5 சதவீத ஆல்கஹால் இருப்பதால் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழேதான் ஆரம்பிக்கும். அங்கே கூடுதலாக ஒரு சிக்கல்: பனி மேலே மிதக்கும், பீரை எடுக்கும் குழாயோ அடிவரை போகும். பாதி உறைந்த கெக்கில் குழாயைத் திறந்தால் முதலில் வருகிறவருக்கு ஆல்கஹால் கூடின பீர், கடைசியில் வருகிறவருக்கு அதன் ஐஸ் தண்ணீர். ஜெர்மனியில் ஐஸ்பாக் என்ற பீரை வேண்டுமென்றே இப்படி பனியை நீக்கித்தான் செய்கிறார்கள்; பப் ஓனர் கேட்டது அது இல்லையே.

கேஸ் இணைப்பைக் கழற்றி, கெக்கைக் குளிர் அறையிலேயே இரண்டு மூன்று நாள் உருகவிட்டு, மெதுவாக உருட்டிக் கலந்து, ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் குடிக்கலாம். புரதமும் பாலிஃபீனாலும் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கலங்கல் தங்கிவிடலாம். அது உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் குறை. கெக்கின் அடியோ மேலோ உப்பியிருந்தால் மட்டும் கை வைக்காமல் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

இதெல்லாம் மூடின பாட்டிலுக்குச் சொன்னது. ஏற்கெனவே திறந்து வைத்த பொவண்டோ உறைந்திருந்தால், குச்சி ஐஸ் என்று நினைத்துக்கொண்டு சுரண்டிச் சாப்பிடலாம்.