பெட்ரோல் பறக்க வைக்கும். பேட்டரிதான் தரையிறக்கும்: மாதிரி விமானங்களில் மின்பகிர்வு அமைப்பு ஏன் முக்கியம்?

கொச்சி: பெட்ரோல் இன்ஜினில் இயங்கும் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் நடுவானில் தடுமாறினால் முதலில் சந்தேகிக்கப்படுவது இன்ஜின்தான். ஆனால், இன்ஜின் நின்றுபோன விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டுத் தரையிறக்க முடியும். மின்சாரம் நின்றுபோன விமானத்தை எவ்வளவு தேர்ந்தவராலும் தரையிறக்க முடியாது. இறக்கையிலும் வாலிலும் உள்ள கட்டுப்பாட்டுப் பலகைகளை அசைப்பது சில நூறு கிராம் எடையுள்ள பேட்டரிகள் தரும் மின்சாரமே. அதைத் தடையின்றிப் பிரித்து வழங்கும் ஏற்பாடே மின்பகிர்வு அமைப்பு எனப்படுகிறது.

கொச்சியை அடுத்த களமசேரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (குசாட்), மின்னணு வன்பொருள் நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் மேக்கர் வில்லேஜும் அமைந்துள்ளன. வேளாண் ட்ரோன்களைத் தயாரிக்கும் ஃபியூசலேஜ் இன்னோவேஷன்ஸ் நிறுவனம் மேக்கர் வில்லேஜில் வளர்ந்ததாகும். ஆளில்லா விமானத் துறையில் நுழைய விரும்பும் மாணவர்களுக்கு மாதிரி விமானமே எளிதில் கைக்கு எட்டும் பாடசாலை. அதில் மின்பகிர்வு குறித்துக் கற்கும் பாடம் பெரிய விமானங்களுக்கும் பொருந்தும்.

இன்ஜின் வேறு, கட்டுப்பாடு வேறு

இவ்வகை விமானங்கள் ஆங்கிலத்தில் ‘கேஸ்’ விமானங்கள் என அழைக்கப்படுகின்றன. அமெரிக்க வழக்கில் இச்சொல் பெட்ரோலைக் குறிக்கிறது, எரிவாயுவை அல்ல. சிறிய மாதிரி விமானங்களில் மெத்தனால் கலவையில் ஓடும் ‘க்ளோ’ இன்ஜின்கள் பயன்படுகின்றன. பெரிய விமானங்களில் சுமார் 20 சிசி முதல் 200 சிசி வரையிலான, தீப்பொறியால் இயங்கும் பெட்ரோல் இன்ஜின்கள் பொருத்தப்படுகின்றன. 100 சிசி வகை சாகச விமானம் ஏறத்தாழ 2.7 மீட்டர் இறக்கை அகலமும் 11 முதல் 13 கிலோ எடையும் கொண்டதாக இருக்கும்.

கார் அல்லது மோட்டார் சைக்கிளில் இன்ஜின் ஓடும்போதே பேட்டரியும் சார்ஜ் ஆகிறது. பெரிய ஆளில்லா விமானங்களிலும் அவ்வாறே. கொச்சியில் 2006-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடற்படையின் 342-ஆவது விமானப் பிரிவு பயன்படுத்தும் ஹெரான் விமானத்தில், ரோடாக்ஸ் 914 பெட்ரோல் இன்ஜினே ஜெனரேட்டரையும் சுழற்றுகிறது. மாதிரி விமானத்தில் பொதுவாக இந்த வசதி இல்லை. புறப்படும்போது பேட்டரியில் உள்ள மின்சாரமே தரையிறங்கும் வரை போதுமானதாக இருக்க வேண்டும்.

எவ்வளவு மின்சாரம் தேவை?

கட்டுப்பாட்டுப் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்களே சர்வோக்கள். 100 சிசி சாகச விமானத்தில் இறக்கைகளில் 4, கிடைமட்ட வாலில் 2, செங்குத்து வாலில் 1 அல்லது 2, இன்ஜின் வேகத்துக்கு 1 என 8 அல்லது 9 சர்வோக்கள் இருப்பது வழக்கம். அசையாமல் இருக்கும்போது ஒரு சர்வோ சில மில்லி ஆம்பியர்களையே இழுக்கும். காற்றின் எதிர்ப்பைத் தாங்கிப் பலகையைத் திருப்பும்போது அதே சர்வோ 2 அல்லது 3 ஆம்பியரையும், ஆற்றல் மிக்க வகையாயின் அதற்கு மேலும் இழுக்கக்கூடும். 8 சர்வோக்கள் ஒரே நேரத்தில் தலா 3 ஆம்பியர் இழுத்தால் தேவை 24 ஆம்பியர்.

சிறிய விமானங்களில் பேட்டரி நேரடியாக ரிசீவரில் இணைக்கப்பட்டு, அதன் வழியாகவே சர்வோக்களுக்கு மின்சாரம் செல்கிறது. ரிசீவரின் மெல்லிய ஊசி முனைகள் சில ஆம்பியர்களுக்கு மட்டுமே ஏற்றவை. அவற்றின் வழியே 24 ஆம்பியரைச் செலுத்துவது, வீட்டின் மொத்த மின்சாரத்தையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் எடுப்பதற்கு ஒப்பானது.

கம்பியின் தடிமனும் முக்கியமானது. 26 கேஜ் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.13 ஓம் மின்தடை கொண்டது. ஒரு மீட்டர் தொலைவில் உள்ள சர்வோவுக்குச் சென்று திரும்பும் பாதையில் 2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்படும். தடிமனான 22 கேஜ் கம்பியில் இந்த இழப்பு 0.2 வோல்ட் அளவுக்குக் குறைகிறது.

சில நொடிகள் போதும்

பாதையில் இழப்பு அதிகரிக்கும்போது ரிசீவருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சரிகிறது. பல ரிசீவர்கள் சுமார் 3.5 வோல்ட்டுக்குக் கீழே இயங்குவதில்லை. 4.8 வோல்ட் நிக்கல் பேட்டரியில் 10 ஆம்பியர் ஓடும்போது, பாதையில் 0.13 ஓம் மின்தடை இருந்தாலே அந்த எல்லை வந்துவிடும். அப்போது ரிசீவர் அணைந்து மீண்டும் தொடங்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், 2 நொடிகளில் சுமார் 55 மீட்டர் தூரத்தைக் கட்டுப்பாடின்றிக் கடந்துவிடும்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஆபத்து ஒன்று உள்ளது. ரேடியோ சிக்னல் துண்டிக்கப்பட்டால், இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் ‘ஃபெயில்சேஃப்’ வசதி ரிசீவரில் உண்டு. ஆனால், மின்சாரம் இல்லாத ரிசீவரில் அந்த வசதியும் இயங்காது. இன்ஜினின் த்ராட்டில் கடைசியாக இருந்த நிலையிலேயே திறந்திருக்கலாம். அதன் தீப்பொறி அமைப்புக்குத் தனி பேட்டரி இருந்தால் இன்ஜின் தொடர்ந்து ஓடும். 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானம் முழு வேகத்தில், எவர் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் பறக்கும் நிலை உருவாகும்.

பகிர்வுப் பெட்டி செய்வது என்ன?

மின்பகிர்வுப் பெட்டி இந்த இடரைக் குறைக்கிறது. ஜெர்மனியின் டோனாவொர்த் நகரைச் சேர்ந்த பவர்பாக்ஸ் சிஸ்டம்ஸ் இத்துறையில் அறியப்பட்ட தயாரிப்பாளர்களுள் ஒன்று. இத்தகைய பெட்டியில் ரிசீவரிலிருந்து சிக்னல் மட்டுமே வருகிறது. சர்வோக்களுக்கான மின்சாரம் தடிமனான தனிப் பாதையில் பேட்டரிகளிலிருந்து நேரடியாகச் செல்கிறது.

பெட்டியுடன் இரண்டு பேட்டரிகள் இணைக்கப்படுகின்றன. டயோடுகள் அல்லது அவற்றைப் போலச் செயல்படும் மின்னணு சுற்றுகள், ஒரு பேட்டரியின் மின்சாரம் மற்றதற்குள் பாயாமல் தடுக்கின்றன. எனவே ஒரு பேட்டரி பழுதானாலும் அது நல்ல பேட்டரியையும் சேர்த்து வடித்துவிடாது. இரண்டில் ஒவ்வொன்றும் தனித்தே ஒரு பயணத்தை முடிக்கும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி.

சுவிட்சின் வடிவமைப்பும் கவனத்துக்குரியது. சாதாரண சுவிட்ச் அதிர்வில் பழுதானால் மின்சாரம் நின்றுவிடும். பகிர்வுப் பெட்டிகளில் பயன்படும் மின்னணு சுவிட்ச், கம்பி அறுந்தாலும் ‘இயங்கும்’ நிலையிலேயே நீடிக்கும். இரண்டு பேட்டரிகளை வைத்துவிட்டு அவற்றை ஒரே சாதாரண சுவிட்சின் வழியே இணைத்தால், இரட்டை ஏற்பாட்டின் பயன் பெருமளவு போய்விடுகிறது.

பேட்டரி வகைக்கு ஏற்ப மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் தேவைப்படலாம். இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட் தரும். அதை 6 வோல்ட்டாகக் குறைக்கும் சாதாரண ‘லீனியர்’ கருவியில், 5 ஆம்பியர் ஓடும்போது 12 வாட் வெப்பம் உண்டாகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் கருவியே செயலிழக்கும். சுமார் 6.6 வோல்ட் தரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பலர் விரும்புவதற்குக் காரணம், பல சர்வோக்களுக்கு இக்கருவி இல்லாமலே அதை இணைக்க முடிவதுதான்.

தீப்பொறிக்குத் தனி வழி

பெட்ரோல் இன்ஜினின் இக்னிஷன் அமைப்பு ஒவ்வொரு தீப்பொறிக்கும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை உருவாக்குகிறது. அதிலிருந்து எழும் ரேடியோ இரைச்சல் ரிசீவரைப் பாதிக்கக்கூடும். இதனால் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி வைப்பதும், அதை ரிசீவரிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி வைப்பதும் வழக்கமாக உள்ளது.

இக்னிஷனைத் துண்டிக்கும் சுவிட்ச், ரிசீவருடன் மின்கம்பியால் அல்லாமல் ஒளியால் இணைக்கப்படுவது சிறந்த ஏற்பாடு. ரிசீவர் ஆணையை ஒளியாக மாற்றி அனுப்புவதால் இரைச்சல் கடந்து வர வழியில்லை. ரிசீவரிலிருந்து ஆணை வருவது நின்றால் தீப்பொறியைத் தானாகவே துண்டிக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால், மின்சாரம் இழந்த விமானத்தில் இன்ஜினாவது நின்றுவிடும்.

கடற்காற்றும் ஈரப்பதமும்

கொச்சி போன்ற கடலோர நகரங்களில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் செம்புக் கம்பிகளும் இணைப்பு முனைகளும் அரிக்கப்படுகின்றன. அவற்றின் மின்தடை மெல்ல உயர்கிறது. சும்மா இருக்கும் பேட்டரியை மீட்டரில் அளந்தால் இந்தக் குறை தெரியாது. சில ஆம்பியர் சுமையைக் கொடுத்து அளந்தால்தான் மின்னழுத்தம் சரிவது வெளிப்படும். மழைக்காலம் முழுவதும் பெட்டியில் கிடந்த விமானத்தை மீண்டும் எடுக்கும்போது இச்சோதனை மிக அவசியம்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் பேட்டரி எத்தனை மில்லி ஆம்பியர் மணி சார்ஜ் ஏற்கிறது என்பதைக் குறித்து வைப்பது எளிய வழி. அந்த எண் திடீரென உயர்ந்தால், ஏதோ ஒரு சர்வோ சிக்கிக்கொண்டு மின்சாரத்தை வீணாக்குகிறது எனக் கொள்ளலாம். ஒரே பலகையை இயக்கும் இரண்டு சர்வோக்கள் சரியாக ஒத்திசையாமல் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதும் இதற்குக் காரணமாகலாம். ரேடியோ தொலைவுச் சோதனையை இன்ஜின் நின்ற நிலையிலும் ஓடும் நிலையிலும் செய்து ஒப்பிட்டால் இக்னிஷன் இரைச்சலும் புலப்படும்.

பொறுப்பு உருவாக்குபவருக்கே

2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி, கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும் கண்பார்வை எல்லைக்குள் இயக்கப்படும் 25 கிலோ வரையிலான ஆளில்லா விமானங்கள் மாதிரி விமானங்களாகக் கருதப்படுகின்றன. இவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. களமசேரிக்குத் தெற்கே வில்லிங்டன் தீவில் கடற்படை விமானத் தளமும், வடக்கே நெடும்பாசேரி சர்வதேச விமான நிலையமும் இருப்பதால், பறக்கும் முன் ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தின் வான்பரப்பு வரைபடத்தைப் பார்ப்பது இன்றியமையாதது.

வகைச் சான்றிதழ் தேவையில்லை என்பதற்கு, விமானத்தின் மின்கம்பிகளை வெளியார் எவரும் ஆய்வு செய்யப்போவதில்லை என்பதும் பொருளாகும். பேட்டரியிலிருந்து சர்வோ வரையிலான பாதையில், ஒரே ஒரு பொருள் பழுதானால் விமானம் முழுவதும் செயலிழக்கும் இடம் எது என்று தேடிக் கண்டறியும் பொறுப்பு, அதை உருவாக்கிப் பறக்கவிடுபவரையே சார்ந்தது.