போர்டு நடுற வேலைக்கு என்ன ரேட் கேட்கலாம்? ‘ஒரு போர்டுக்கு 500’ கணக்கு எங்க இடிக்குது

சைடு இன்கம் பத்தின வீடியோவுல, ரியல் எஸ்டேட் புரோக்கர்களுக்கு போர்டு நட்டுத் தர்ற வேலையை ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். அது ரெண்டு நிமிஷத்துல முடியற கணக்கு இல்ல. அதனால இங்க கொஞ்சம் நிதானமா எழுதறேன்.

தாம்பரத்துல இருந்து தெற்கே ஜிஎஸ்டி ரோட்டுல போனா ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில்னு வழி பூரா ‘மனை விற்பனைக்கு’ போர்டுதான். (இந்த ஜிஎஸ்டி ரோடு பேரு. வரி ஜிஎஸ்டிக்கு அப்புறம் வர்றேன்.) போர்டு பிரிண்ட் ஆகுறது ஒரு கடையில. ஃபிரேம் அடிக்கிறது ஒரு வெல்டிங் பட்டறையில. அதைக் கொண்டு போய் மண்ணுல நடுறதுக்குத்தான் ஆள் கிடைக்கிறதில்ல. அந்த இடத்துலதான் பைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கையில வச்சிருக்கிற நம்ம ஆளுங்க உள்ள வர்றாங்க.

புரோக்கர் சொல்ற ரேட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “தம்பி, ஒரு போர்டுதானே, ரெண்டு குழி தோண்டி நடணும். ஐநூறு வாங்கிக்கோ.” ஒரு மணி நேர வேலைக்கு ஐநூறு ரூபா! கேட்க நல்லாத்தான் இருக்கு. இப்ப கணக்கு போடுவோம்.

3-க்கு 2 அடி போர்டு, ரெண்டு கால் வச்ச சின்ன ஆங்கிள் ஃபிரேம். போர்டு அவங்களோடது. நீங்க தாம்பரத்துல இருக்கீங்க, மனை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். போக வர 45 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். பிரிண்ட் கடையில போர்டு வாங்க 30 நிமிஷம். போக 50, வர 50. லேஅவுட்டுக்குள்ள சரியான மனையைத் தேடிக் கண்டுபிடிக்க 15. குழி தோண்டி, நட்டு, சிமெண்ட் போட்டு, நேரா நிக்குதான்னு பார்க்க 60. போட்டோ எடுத்து அனுப்பி, போன் பேசி, பணம் கேட்டு மெசேஜ் போட 20. மொத்தம் 225 நிமிஷம். அதாவது மூணே முக்கால் மணி நேரம்.

‘ஒரு மணி நேர வேலை’ன்னு அவர் சொன்னது, நீங்க கடப்பாரை பிடிக்கிற நேரம் மட்டும்.

அடுத்து செலவு. பைக்குக்கு கிலோமீட்டருக்கு 4 ரூபா போடுங்க. “பெட்ரோல் ரெண்டேகால் ரூபாதானே ஆகுது?”ன்னு கேட்பீங்க. டயர், ஆயில், செயின், வண்டி பழசாகுற தேய்மானம், இதெல்லாம் பெட்ரோல் பங்க்ல பில் வராத செலவு. ஆனா செலவுதான். 45 கிலோமீட்டருக்கு 180 ரூபா. சிமெண்ட், கட்டுக்கம்பி, ஸ்க்ரூ 100. டிரில், கடப்பாரை தேய்மானத்துக்கு 40. ஆக 320 ரூபா. 500-ல 320 போனா மிச்சம் 180. அதை மூணே முக்கால் மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 48 ரூபா.

காத்துல போர்டு சாஞ்சிடுச்சு, இன்னொரு தடவை வந்து பாருப்பான்னு கூப்பிட்டா? பைக் செலவு மறுபடி 180. கையில நிக்கிறது பூஜ்யம். முதுகு வலி தனி.

சரி, அப்ப நியாயமான ரேட் என்ன? உங்க மணி நேரத்துக்கு ஒரு விலை வைங்க. கைக்கு 30,000 சம்பளம் வர்றவருக்கு மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா மணிக்கு 144 ரூபா ஆகுது. 150-ன்னு வச்சுக்குவோம். லீவு நாள்ல வெயில்ல நின்னு செய்ற வேலை ஆபீஸ் மணியை விட மலிவா இருக்க எந்த நியாயமும் இல்ல. மூணே முக்கால் மணிக்கு 563. செலவு 320. சேர்த்தா 883. ஆறு போர்டுல ஒண்ணு திரும்பப் போக வேண்டி வரும்னு வச்சா, அந்த ஒரு ட்ரிப்புக்கு 180 பைக், மூணு மணி நேரத்துக்கு 450, மொத்தம் 630. அதை ஆறு போர்டுக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு 105. ஆக 988. இது அசல்தான், லாபம் இன்னும் வரல. இருபது சதவீதம் சேர்த்து 1,200 ரூபா.

ஐநூறுன்னு சொன்ன ஆள்கிட்ட 1,200-ன்னா போனை வச்சிடுவாரே? வைப்பார்தான். அதனாலதான் இந்தப் பதிவு.

அதே லேஅவுட்ல அதே நாள்ல மூணு போர்டு நடறதா வைங்க. ரெண்டாவது போர்டுக்குக் கூடுதலா ஆகுறது 70 நிமிஷம், அதாவது 175 ரூபா. அதோட 100 சாமான், 40 தேய்மானம். மொத்தம் 315. பயணம் ஏற்கெனவே முதல் போர்டு கணக்குல போயிடுச்சு. அதனால முதல் போர்டுக்கு 1,200, அடுத்தடுத்த ஒவ்வொண்ணுக்கும் 400. மூணுக்கு 2,000. அவருக்கு சராசரியா ஒரு போர்டு 667 ரூபா. உங்களுக்கு? 2,000-ல செலவு 600 போக 1,400 மிச்சம், ஆறு மணி நேர வேலை. மணிக்கு 230 ரூபா. ஒரே போர்டை 1,200-க்கு நட்டாலும் ஏறக்குறைய இதே 235 ரூபாதான் வரும்.

இன்னொரு விஷயம் கவனிங்க. அதே மூணு போர்டை பழைய 500 ரேட்லயே நட்டிருந்தாக்கூட 900 ரூபா மிஞ்சி, மணிக்கு 148 வந்திருக்கும். பெரிய நஷ்டம் இல்ல. அதாவது 500-ங்கிற எண்ணுல தப்பு இல்ல. ‘போர்டுக்கு’ங்கிற சொல்லுலதான் தப்பு. நீங்க விக்கிறது போர்டை இல்ல, ஒரு ட்ரிப்பை. ட்ரிப்புக்கு ஒரு விலை, அதுக்கு மேல போர்டுக்கு ஒரு விலைன்னு ரெண்டா பிரிச்சுச் சொல்லுங்க. அதோட, ‘400 ரூபா ரேட் அதே நாள், அதே இடத்துக்கு மட்டும்’னு வாட்ஸ்அப்ல எழுத்துல போட்டுடுங்க. இல்லன்னா “பத்து போர்டு இருக்கு தம்பி, பல்க் ரேட் போடு”ன்னு சொல்லிட்டு, பத்தையும் பத்து வாரத்துல ஒவ்வொண்ணா அனுப்புவாங்க.

இந்த வேலையைச் செஞ்ச ஒரு தம்பியோட ஒரு மாசக் கணக்கை நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. போர்டுக்கு 500-ன்னு 24 போர்டு. “மாசம் 12,000 வருது சார்”னு சொன்னார். அதை நம்பி மாசம் 4,100 இஎம்ஐல புது பைக்கும் எடுத்துட்டார். பிரிச்சுப் பார்த்தா 24 போர்டுக்கு 19 ட்ரிப், சராசரி 40 கிலோமீட்டர். பைக்குக்கு 3,040, சாமானும் தேய்மானமும் 3,360. செலவு மட்டும் 6,400. வரவேண்டிய 12,000-ல 3,000 இன்னும் கைக்கு வரல. 9,000-ல 6,400 போக 2,600. கிட்டத்தட்ட 76 மணி நேரம் உழைச்சிருக்கார், மணிக்கு 34 ரூபா. இஎம்ஐ கட்டவே சம்பளத்துல இருந்து 1,500 எடுக்கணும். ஜிபே ஸ்டேட்மென்ட்ல 9,000 வரவு தெரியுது, அதனால அவர் சம்பாதிக்கிறதாவே நினைச்சுக்கிட்டிருந்தார். செலவு பெட்ரோல், டீ, ஹார்டுவேர் கடைன்னு சில்லறையா போனதால கண்ணுக்குத் தெரியல.

அவர்கிட்ட நான் ரேட்டை ஏத்தச் சொல்றதுக்கு முன்னாடி ட்ரிப்பைக் குறைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே ரவுண்டு, ஒரே ரூட். புதன்கிழமை கூப்பிட்டா, “அண்ணே, ஞாயிறு உங்க பக்கம்தான் வர்றேன், அப்ப நட்டுடறேன். இன்னைக்கே வேணும்னா தனி ட்ரிப், 1,200 ஆகும்”னு சொல்லணும். பாதிப் பேருக்கு ஞாயிறு போதும். அவசரம்னா அவரே குடுப்பார். ஒரே ரூட்ல நாலு புரோக்கருக்கு சேர்த்து நட்டா, ஆளுக்கு 700 வாங்கினாலும் உங்களுக்கு நஷ்டம் இல்ல.

எல்லா புரோக்கரும் ஒண்ணு இல்லங்கிறதையும் மறந்துடாதீங்க. வாடகை வீடு முடிச்சுக் குடுக்கிறவருக்கு வழக்கமா கிடைக்கிறது ஒரு மாச வாடகை. 12,000 கிடைக்கப் போற வேலைக்கு 1,200 போர்டுக்கே குடுன்னா முடியாது. அவருக்கு கேட்ல கட்டித் தொங்கவிடற சின்ன டு-லெட் போர்டு, ரவுண்டுல போறப்ப 250 ரூபா, அவ்வளவுதான். லேஅவுட் போடற புரமோட்டர் கதை வேற. ஒரு மனை வித்தாலே பல லட்சம். அவருக்கு உங்க ரேட் பிரச்சினை இல்ல, சனிக்கிழமை சைட் விசிட்டுக்கு முன்னாடி போர்டு நிக்கணும், அதுதான் பிரச்சினை. அவர்கிட்ட நேரத்துக்கு உத்தரவாதம் குடுத்துட்டு முழு ரேட் கேளுங்க.

திரும்பப் போற ட்ரிப்பு ரெண்டு வகை. நீங்க சரியா நடாம சாஞ்சா அது உங்க செலவு, ஒரு மாசம் வரைக்கும் இலவசம்னு நீங்களே சொல்லிடலாம். லாரி இடிச்சது, யாரோ பிடுங்கினது, போன் நம்பர் மாறினது, இதெல்லாம் புது ட்ரிப். இதுல அடிக்கடி மாட்டுறது ரெரா நம்பர். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யவேண்டிய திட்டத்தோட விளம்பரத்துல பதிவு எண்ணும் ஆணையத்தோட இணையதள முகவரியும் இருக்கணும். போர்டு நட்டதுக்கு அப்புறம், “தம்பி, ரெரா நம்பர் விட்டுப்போச்சு, ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்துடேன்”னு போன் வரும். அந்த ஸ்டிக்கருக்கு மறுபடி 45 கிலோமீட்டர். அதனால கடையில போர்டை வாங்கும்போதே போட்டோ எடுத்து அனுப்பி, “இது ஓகேவா?”ன்னு பதில் வாங்கிட்டுக் கிளம்புங்க.

பிடுங்குற வேலைக்கும் முன்னாடியே பேசிடுங்க. இங்கிலாந்துல வீடு வித்து முடிஞ்ச 14 நாளுக்குள்ள போர்டை எடுத்துடணும்னு விதி இருக்கு, அதனால அங்க பெரும்பாலும் நடறதுக்கும் எடுக்கிறதுக்கும் சேர்த்தே ஒரே கட்டணம். நம்ம ஊர்ல எடுக்கிறதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. வித்தப்புறம் மனை வாங்கினவர் புரோக்கரைத் திட்டுவார், புரோக்கர் உங்களைக் கூப்பிடுவார்.

சில இடத்துல என்ன ரேட் குடுத்தாலும் நடாதீங்க. ஈபி போஸ்ட், மரம், ரோட்டு நடுவுல இருக்கிற மீடியன். 2019 செப்டம்பர்ல பள்ளிக்கரணையில மீடியன்ல வச்ச பேனர் ஒரு இளம்பெண் மேல விழுந்து, பின்னாடி வந்த லாரி ஏறி அவங்க இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பேனர் யாரோடதா இருந்தாலும், கட்டின ஆளையும் போலீஸ் கேட்கும். தனியார் மனைக்குள்ள, ஓனர் சம்மதத்தோட மட்டும் நடுங்க. பொது இடம்னா உள்ளாட்சி அனுமதியை புரோக்கரே வாங்கிக் குடுக்கட்டும், அதோட நகல் உங்க போன்ல இருக்கணும்.

பிரிண்டையும் நீங்களே பார்த்துக்கிறேன்னு ஆரம்பத்துல எடுத்துக்காதீங்க. பிரிண்ட் கடைக்கு உங்க கிரெடிட் கார்டுல கட்டிட்டு, புரோக்கர்கிட்ட ரெண்டு மாசம் அலைஞ்சா அது வட்டியில்லாக் கடன், உங்களுக்கு மட்டும் வட்டியோட. கடைக்கு அவரே நேரா கட்டட்டும். உங்க கூலியில பாதி அட்வான்ஸ், மீதி போட்டோ அனுப்பின அன்னைக்கே.

இப்ப வரி. 2025-26 நிதியாண்டுக்கு சொல்றேன். இந்த வருமானம் பிசினஸ் வருமானம், அதனால ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடி-யில யூபிஐ, பேங்க் வழியா வந்த தொகையில குறைந்தது 6 சதவீதமும், ரொக்கத்துல 8 சதவீதமும் லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போடலாம். அதை விட அதிகமா மிஞ்சியிருந்தா அதிகமா காட்டணும். ஷேர் வித்த லாபம் பெருசா இருந்தா ஐடிஆர்-3. சேவை வரவு வருஷம் 20 லட்சத்துக்குள்ள இருக்கிற வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்ல, பதிவு இல்லாம பில்லுல ஜிஎஸ்டி சேர்க்கவும் கூடாது. புரமோட்டர் கம்பெனியா இருந்து, ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ வருஷ மொத்தம் 1,00,000-ஐத் தாண்டினாலோ 194சி-ல 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. பான் குடுக்கலன்னா 20 சதவீதம்.

பழைய வரி முறையில இருக்கிறவங்க இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. சம்பளம் மட்டும் இருந்தா ஒவ்வொரு வருஷமும் பழசு, புதுசுன்னு மாறிக்கலாம். பிசினஸ் வருமானம் வந்துட்டா அந்த வசதி போயிடும். பழைய முறை வேணும்னா கெடுவுக்குள்ள 10-ஐஇஏ ஃபார்ம் போடணும். ஒரு தடவை அதிலிருந்து புதுசுக்குத் திரும்பிட்டா, பிசினஸ் வருமானம் இருக்கிற வரை மறுபடி பழசுக்குப் போக முடியாது. எச்ஆர்ஏ-வும் வீட்டுக் கடன் வட்டியும் நிறைய கழிக்கிறவங்க, முதல் போர்டு நடறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. அப்படியே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வெளி வேலைக்கு அனுமதி வாங்கணும்னு ஒரு வரி இருக்கான்னும் பார்த்துடுங்க.