போயா தினத்துக் கை நடுக்கம்

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். நாள்தோறும் அளவுக்கு மீறிக் குடிக்கும் சிலருக்கு, அன்று பின்னேரம் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவே முடியாமல் கை நடுங்கும். பார்த்திருக்கிறீர்களா? ஏன் அந்த நடுக்கம்?

அதில் கல்சியத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆம், எலும்புக்குத் தேவையென்று நாம் சொல்லும் அதே கல்சியம்தான். ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், அதன் சுவரிலுள்ள நுண்ணிய வாசல்களால் கொஞ்சம் கல்சியம் உள்ளே வர வேண்டும். மது அந்த வாசல்களை ஒடுக்கிவிடுகிறது. குடித்தவரின் பேச்சு குழறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. குடி நீண்டகாலம் தொடர்ந்தால், புதிய வாசல்களை அமைத்து ஈடுகட்டிக்கொள்ளும். பிறகு மது திடீரென நின்றால்? அத்தனை வாசல்களாலும் கல்சியம் பாயும். நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடிக்கும். நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புக்கூட வரும்.

“மனசு வைத்தால் இன்றைக்கே விடலாம்” என்று வீட்டார் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. நெடுநாள் குடித்தவர் வைத்தியரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். நிறுத்தும் அந்த நாட்களைக் கடக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆலோசனைக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். வலிப்பு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள்: 1990, சுவசெரிய அம்பியூலன்ஸ்.